நிலுவை

ரிஃபா மைதானத்தில் காலி நாற்காலி அதிகமாம்,
டிவியில் பார்க்க நன்றாக இருக்காதாம்.
சல்மாபாத் கேம்பிலிருந்து மூன்று பஸ்ஸில்
எங்களை அள்ளிக்கொண்டு போனார்கள்.
ஆளுக்கொரு சிவப்பு பனியன்,
ஆளுக்கொரு காகிதக் கொடி,
ஆட்டம் முடிந்தால் பிரியாணிப் பொட்டலம்.
சம்பளத்தைப் பற்றி அங்கே வாய் திறக்கக் கூடாது.
ஐந்து மாதம்.

முதலில் விருந்தாளி அணியின் கீதம்.
எழுந்தோம்.
எந்த நாடென்று பக்கத்திலிருந்த
நரசிங்குலுவுக்கும் தெரியவில்லை.
பிறகு இந்த நாட்டுக் கீதம். அப்படியே நின்றோம்.
சொல் புரியாத பாட்டுக்கு நிற்பது
எனக்கொன்றும் புதிதல்ல.
கொசு கடித்த கெண்டைக்காலைச் சொறிந்ததற்கு
அசெம்பிளியில் பிரம்படி வாங்கியவன்;
சொந்த நாட்டுப் பாட்டுக்கே
அடிக்கு அப்புறம்தான் அர்த்தம் கேட்டேன்.

கீதம் முடிந்தது.
மைதானம் முழுக்க
மடக்கு நாற்காலிகள் தடதடவென விரிந்தன.
பெத்துராஜ் மட்டும் உட்காரவில்லை.

யோசித்துச் செய்தாரா தெரியாது.
முட்டி பிடித்துக்கொண்டதாகப் பிறகொரு நாள் சொன்னார்.
நான் நம்பவில்லை.
அவர் உட்காராததால் சில்வெஸ்டர் உட்காரவில்லை,
சில்வெஸ்டரால் தில் பகதூர்,
அப்புறம் வரிசை வரிசையாக
நூற்று நாற்பது பேர்,
கொடியை நெஞ்சோடு பிடித்தபடி.
கோஷம் இல்லை.
கோஷம் போட்டால் விமான டிக்கெட்,
அதற்கும் சம்பளத்தில் பிடித்தம்.

எங்கோ ஒரு நாட்டில் கீதத்தின்போது
ஒற்றைக்காலில் மண்டியிட்ட ஆட்டக்காரர்களை
அலாவுதீன் ஒருமுறை போனில் காட்டியிருக்கிறான்.
மண்டியிட எங்களுக்குப் பயம்.
நிற்கத்தான் தெரியும்.

பி.ஆர்.ஓ. குலசேகரன் ஓடி வந்தார்.
நம்மவர், திருச்சுழிப் பக்கம்.
"உட்காருங்கப்பா, பாட்டு முடிஞ்சிருச்சு."
"மரியாதை சார்" என்றான் அலாவுதீன்.
"அதான் முடிஞ்சிருச்சேடா."
"எங்களுக்கு இன்னும் முடியல சார்."

காவலர் ஒருவர் வந்தார்,
வாக்கிடாக்கியில் நெடுநேரம் ஏதோ கேட்டார்.
உட்கார்ந்திருப்பவனை எழுப்ப
ஒரு விதி இருக்கும்.
மரியாதையாக நிற்கிறவனை உட்கார வைக்க
எந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது?
போய்விட்டார்.

பின்வரிசையில் ஒரு சிறுவன் அழுதான்.
அரபி தெரியாவிட்டாலும் புரிந்தது:
மறைக்கிறோம்.
இதை யாரும் கணக்கில் வைத்திருக்கவில்லை.
பெத்துராஜ் திரும்பிப் பார்த்து
அரையடி இடப்பக்கம் நகர்ந்தார்,
நான் வலப்பக்கம்.
எங்களைப் பார்த்து முன்வரிசையும் விலகியது,
அதற்கு முன்வரிசையும்.
சாரத்தில் பலகை தூக்கிக்கொண்டு ஒருவன் வந்தால்
சொல்லாமலே ஒதுங்குவோமே, அப்படி.
கோல்போஸ்ட் அகலத்துக்கு ஒரு சந்து.
அதன் வழியாக
விழுந்த ஒரே கோலை அவன் பார்த்தான்.
நான் பார்க்கவில்லை;
பிரியாணி வேன் திரும்பிப் போவதைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

கால் வலித்ததா என்று கேட்காதீர்கள்.
ஆறாவது மாடிக் குழாய்மேல்
பத்து மணி நேரம் நிற்கிற காலுக்கு
சிமெண்ட் படி சொகுசு.

மறுநாள் பேப்பரில் எங்கள் படம்.
லாண்டரிக்கார சூடானி படித்துச் சொன்னார்:
ஆட்டத்தின் மீதும் இந்த மண்ணின் மீதும் கொண்ட அன்பால்
கடைசிவரை நின்ற தொழிலாளர்கள்.
குலசேகரன் அதை வெட்டி
ஆபீஸ் கண்ணாடிக் கதவில் ஒட்டினார்.
முழுப் பொய்யென்று சொல்லவும் வாய் வரவில்லை.
இந்த மண்ணில் எத்தனை குழி தோண்டியிருக்கிறோம்.

அடுத்த வாரம் ஒரு மாதச் சம்பளம் வந்தது.
எதனால் என்று யாரும் கேட்கவில்லை.
மீதி நாலு மாதம்
நிற்கிறது.

மேல் பங்க்கில் படுத்துக்கொண்டு
அடுத்த மேட்ச் என்றைக்கு என்று
போனில் தேடிக்கொண்டிருக்கிறான் சில்வெஸ்டர்.